15 நிமிடத்தில் முடிவாகிற பிள்ளைகள்

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும், மாதர் சங்கத் தலைவிமாருக்கும், கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 22 வருடமாகப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். சுவரில் யானையும் முயலும் கீறியிருக்கிறது. ஆனாலும் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் "காம்பராவுல விட்டுட்டுப் போறேன் டீச்சர்" என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.

இதை அரசாங்கத்துக்கு எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிய பிறகு கிழித்துப் போட்டேன். ஒரு வீடு உடைகிறபோது முதலில் போய் நிற்பது அமைச்சர் இல்லை, பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற அரசாங்க நன்னடத்தை அதிகாரியும் இல்லை. லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், சண்டை என்றால் இரவு 10 மணிக்கும் உங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் அடுத்த வாரம் எங்கே தூங்கும் என்பதையும் அநேகமாக நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். ஆகவே மடலும் உங்களுக்கே.

என் அண்ணன் வீட்டுக் கதையைச் சொன்னால் நான் கேட்பது விளங்கும். அண்ணி குவைத்துக்குப் போய் ஒரு வருடம். அண்ணன் காலையிலேயே கசிப்பு, கள்ளச்சாராயம். பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 5. ஒரு சனிக்கிழமை இரவு அண்ணன் அடுப்பை உதைத்துத் தள்ளியதில் சின்னவளின் காலில் சுடுதண்ணீர் பட்டது. மறுநாள் கோயில் முற்றத்தில் கூட்டம். தலைவர் இருந்தார், கமிட்டியில் 4 பேர் இருந்தார்கள். "டவுன்ல நல்ல ஹோம் ஒண்ணு இருக்கு. மூணு வேள சாப்பாடு, சப்பாத்து, இங்கிலீசும் படிப்பிக்கிறாங்க. ரெண்டையும் அங்க போட்டுருவோம்" என்றார் ஒருவர், சிறுவர் இல்லத்தைத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பையனுக்கு ஓரிடம், பெண்ணுக்கு வேறிடம் என்பதுகூட அந்த 15 நிமிடத்தில் பேச்சோடு பேச்சாக முடிந்துவிட்டது. போன கிழமை கோயில் ஸ்பீக்கர் வாங்குவதற்கு இதே முற்றத்தில் இரண்டரை மணி நேரம் வாதாடினோம் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

நான் எழுந்து, நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். 10க்கு 12 காம்பராவில் ஏற்கெனவே 4 பேர். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாமைக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் பசியில்லாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள். ஹோம்களிலும் மனசாட்சியோடு பிள்ளை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வேறு கதியே இல்லாத பிள்ளையும் உண்டு. ஆனால் இந்த நாட்டில் ஹோம்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். அநாதை என்பதால் போனவர்கள் கொஞ்சம், ஏழை என்பதால் போனவர்கள்தான் அதிகம். வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று 2009இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட வழிகாட்டலில் எழுதியிருக்கிறது. நம் நாட்டிலும் 2019இல் மாற்றுப் பராமரிப்புக்கென்று தேசியக் கொள்கை ஒன்று வந்தது. முதலில் சொந்தக் குடும்பம், முடியாவிட்டால் உறவு அல்லது வேறொரு குடும்பம், ஹோம் கடைசி வழி என்பதுதான் அதன் போக்கு. தாளில் கடைசி வழி. கோயில் முற்றத்தில் அதுதான் முதல் வழி.

ஹோமிலிருந்து 18 வயதில் திரும்பி வருகிற பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தின் கீழ்ப் பகுதியான எங்கள் கீழ் டிவிஷனுக்கு ஒரு பெண் வந்தாள். லயத்துத் தண்ணீர்ப் பீலியில் வரிசையில் நிற்கக் கூச்சம், யார் சித்தி யார் அத்தை என்று தெரியாது. 3 மாதத்தில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

உறவுக்காரர் பிள்ளை வளர்ப்பது நமக்குப் புதிதா? 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம் தோட்டத்து மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று கணக்குப் போட்டுப் பிரித்தது. மிச்சமிருந்தவர்களை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். என் அம்மாவின் அப்பாவும் அம்மாவும் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். அம்மாவை அவர் சின்னம்மா வைத்துக்கொண்டார். எந்தக் கோர்ட் ஓடரும் இல்லை, எந்த அலவன்ஸும் இல்லை, சுவர்ப்பக்கம் ஒரு பாய் கூடுதலாக விரித்தார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு லயத்திலும் இப்படி ஓர் ஆளாவது இருப்பார். வெளிநாட்டில் இதற்குப் பெரிய பெயர் வைத்து, பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுக்கிறார்களாம். நாம் பாயை மட்டும் விரித்தோம்.

ஆனால் பாய் மட்டும் போதாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அண்ணி வெளிநாடு போகும்போது குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கேட்டார்கள். 2013இல் வந்த வழக்கம் அது. முதலில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றிருந்தது, 2022இல் அதை 2 வயதாக்கினார்கள். அந்தப் படிவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நான் என்று கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, கையெழுத்துத்தான் போட்டிருக்கிறோமே என்று பாடசாலை மாற்றத்துக்குப் போனால், "நீங்க தாயும் இல்ல, தகப்பனும் இல்ல. பாதுகாவலர்னு காட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். கிளினிக்கிலும் அதே கேள்வி. இதெல்லாம் பரவாயில்லை. ஓர் இரவு அண்ணன் வந்து "எம் புள்ளைங்களக் குடு" என்று கதவை உடைத்தபோது, பொலிஸுக்கு எடுத்துச் சொன்ன பிறகும் கிடைத்த பதில் "தகப்பன்தானே கேக்குறார்" என்பதுதான். சட்டப்படி நான் யாருமில்லை.

இதற்கு வழி இருக்கிறது, புது வழிகூட இல்லை. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. பாதுகாப்புத் தேவைப்படுகிற பிள்ளையைத் தகுந்த ஓர் ஆளின் பொறுப்பில் விட நீதிமன்றம் கட்டளையிடலாம். அதிகாரிகள் 'பிட் பேர்சன் ஓடர்' என்கிறார்கள். அந்தத் தகுந்த ஆள் அத்தையாக இருக்கலாம், அம்மாயியாக இருக்கலாம். நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார், அதைப் பார்த்து நீதவான் தீர்மானிப்பார்.

"கோர்ட்டுக்குப் போனா புள்ளையப் புடுங்கிருவாங்க" என்று எனக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்! அண்ணியே குவைத்திலிருந்து அழுதாள், அவள் பிள்ளைகளை நான் எழுதி வாங்கப் போகிறேன் என்று யாரோ வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார்கள். தத்தெடுப்பது வேறு, இது வேறு. தத்தெடுப்புக்கு 1941ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இருக்கிறது, அதில் பிள்ளை சட்டப்படி இன்னொருவரின் பிள்ளையாகிவிடும். இதில் தாய் தாய்தான், தகப்பன் தகப்பன்தான். நிலைமை மாறினால் நீதிமன்றமே கட்டளையை மாற்றலாம். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். டீச்சர் சொன்னால் நம்பாதவர்கள் தலைவர் சொன்னால் நம்புவார்கள். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் உண்மை.

எனக்கு அந்த ஓடர் கிடைக்க 4 தடவை நீதிமன்றம் போகவேண்டி வந்தது. எனக்கு மாதச் சம்பளம், லீவு போட்டேன். கொழுந்தெடுக்கிற அத்தை என்ன செய்வாள்? 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அதற்குப் பிறகு எவ்வளவு ஏறினாலும், மலைக்கு வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் கிடையாது என்பது மாறவில்லை. 4 நாள் பேர் போய், பஸ் காசும் போய், கடைசியில் "அடுத்த தவணைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் அவள் ஐந்தாம் தடவை போகமாட்டாள். இங்கேதான் தொழிற்சங்கம் வேண்டும். அந்த நாட்களுக்குப் பேர் போடச் சொல்லித் தொரையிடம், தோட்ட மனேஜரிடம், பேசுவது உங்களால் முடியும். தீபாவளி முற்பணத்துக்குப் பேசுகிறீர்கள்தானே. இன்னொன்று, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார், பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே வளர்கிற பிள்ளையின் செலவுக்கு ஒரு கொடையாளர் மாதாமாதம் பணம் போடுகிற 'செவன சரண' திட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னது அப்படியான ஓர் உத்தியோகத்தர்தான். அவர் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

உறவு என்றாலே பத்திரம் என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறவள் நான், முதுகையும் கையையும் பார்க்கிறவள். சில பிள்ளைகள் எந்த மாமாவின் பெயரைச் சொன்னால் விறைத்துப் போகின்றன என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அதிகாரி வந்து பார்க்கவேண்டும் என்கிறேன். சந்தேகம் வந்தால் 1929ஐ அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். "நம்ம தோட்டத்து மானம் போயிரும்" என்று மூடி வைத்த ஒரு கதை உங்களில் சிலருக்குத் தெரியும். நான் இங்கே அதைப் பிரிக்கப் போவதில்லை.

இனி அண்ணனைப் பற்றி. பிள்ளைகளுக்கு ஓர் இடம் பார்த்தாகிவிட்டது, குடிகாரன் எக்கேடு கெட்டால் என்ன என்றுதான் தோட்டமே பேசியது. நானும் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் பெரியவன் என் வீட்டில் தலையணைக்கடியில் ரொட்டி ஒளித்து வைத்தான். இரவில் லயத்துப் படியில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவான். "இது அப்பா இல்ல அத்த, அப்பான்னா மூணாவது படியில நின்னு மூச்சு விடுவாரு" என்பான். தகப்பனின் போதை எவ்வளவு என்று காலடியிலேயே கணக்குப் போடப் பழகின பிள்ளை அது. அந்தக் காலடி சரியாகாமல் இவனுக்கு நான் எத்தனை ரொட்டி சுட்டுக் கொடுத்து என்ன?

அண்ணன் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டான். ஒரேயடியாக நிறுத்தினான். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இரண்டாம் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊர்கிறது, பச்சை எறும்பு என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். மாலையைக் குளறுபடியாகப் போட்டதால் முனி அடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிட்டு எலுமிச்சங்காய் வெட்டினோம். வெட்டிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தது. கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் ஆட்கள் சாகிறார்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு எல்லாம் வரலாம். அது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. வாட்டில் வைத்து, மருந்து கொடுத்து, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, விற்றமின் பீ1 ஏற்றவேண்டும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். நிறுத்துவது நல்லது, ஆனால் இப்படிக் குடித்தவர் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தவேண்டும். இன்னொன்றும் சொன்னார். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கிற மாத்திரை என்று டவுனில் சிலர் வாங்குகிறார்களே, அதைச் செய்யவே கூடாது. அந்த மாத்திரை சாப்பிட்டது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆள் போகலாம். அது ஆளுக்குத் தெரிந்து, டாக்டரின் கண்காணிப்பில் மட்டும் கொடுக்கிற மருந்து.

9 நாள் வாட்டில் இருந்தான். அப்புறம் மனநல கிளினிக். அங்கே போகிறதற்கு அவன் பட்ட வெட்கத்தைச் சொல்லி முடியாது. "பைத்தியக்கார கிளினிக்குக்குப் போறான்" என்று தவறணை (சாராயக் கடை) வாசலில் பாட்டே கட்டினார்கள். 4 மாதம் சுத்தமாக இருந்தான். அப்புறம் மாசி வந்தது, காமனை எரிக்கிற கதையை ஆடுகிற காமன் கூத்து வந்தது.

என் அண்ணன் தப்பு மேளம் அடித்தால் மூன்று டிவிஷனுக்குக் கேட்கும். ரதி மதன் ஆட்டத்துக்கு அவன் இல்லாமல் முடியாது. தப்புக்காரனுக்குக் கூலி என்ன? போத்தல். அது வழக்கம், யாரும் யோசிப்பதில்லை. தப்பைக் காயவைக்க நெருப்பு மூட்டும்போதே போத்தலும் வந்துவிடும். காமன் எரிந்த இரவு அண்ணன் மறுபடி விழுந்தான்.

"நாங்கதான் சொன்னோமே, குடிகாரன் திருந்தமாட்டான்" என்றார்கள். போத்தலைக் கையில் கொடுத்தவர்களே சொன்னார்கள். கிளினிக்கில் கவுன்சிலர் அம்மா மட்டும் பதறவில்லை. மறுபடி விழுவது இந்த நோயில் அநேகமாக நடக்கிறது, எங்கே விழுந்தார் என்று பார்த்து அந்த இடத்தை அடைக்கவேண்டும் என்றார். அண்ணன் விழுந்த இடம் கோயில் முற்றம்.

அதனால் கமிட்டிக்காரர்களே, அடுத்த வருடக் காமன் கூத்துக்கு நான் உங்களிடம் வந்து சண்டை போட்டேன். தப்புக்காரருக்குக் காசாகக் கொடுங்கள், நெருப்புப் பக்கத்தில் தேத்தண்ணிக் கேத்தல் வையுங்கள் என்றேன். "கூத்தோட மரியாதயே போயிரும்" என்றார் ஒரு பெரியவர். போகவில்லை. அண்ணன் விடிய விடிய அடித்தான், தாளம் ஒரு இடத்திலும் தவறவில்லை. பெரியவன் பக்கத்தில் நின்று தப்பைக் காய்ச்சிக் கொடுத்தான். எங்கள் ஒரு தோட்டத்தில் நடந்தது மற்றத் தோட்டங்களில் நடக்காதா? மே தினத்துக்கு ஆள் ஏற்றுகிற பஸ்ஸில், தேர்தல் காலத்தில், புது லயத்துக்குக் கல் வைக்கிற நாளில் என்று எங்கெல்லாம் போத்தல் நம் கையால் போகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எந்தச் சங்கம் என்று நான் சொல்லவில்லை, ஒரு நிறம் மட்டும் என்றால் சொல்லியிருப்பேன்.

வைத்தியத்துக்குப் போகிறவனின் வேலை இன்னொரு பிரச்சினை. சிகிச்சைக்கு ஆறு கிழமை போனால் தோட்டத்து வேலையாட்களின் பதிவான செக்ரோலில் பெயர் என்னவாகும், வேலை போனால் லயக் காம்பரா என்னவாகும் என்ற பயத்திலேயே பலர் போவதில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிற தோட்டத்தில் இது சும்மா பயம் இல்லை. கால் முறிந்து வாட்டில் கிடப்பவனுக்குப் பேசுகிற மாதிரி இவனுக்கும் தொரையிடம் பேசுங்கள். திரும்பி வருகிறவரை பெயர் இருக்கட்டும்.

இளைஞர்கள் கதை வேறு. கொழும்பில் கடை வேலைக்குப் போய் வருகிற பையன்கள் கசிப்பை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, அவர்களுக்கு ஐஸ், தூள் என்கிற போதைப்பொருள்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுசாரமும் சிகரெட்டும் விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, ஆனால் தூள் விற்கிறவன் வயது கேட்பானா? பிடிபட்டால்தான் தாய்க்கே தெரியவருகிறது. அப்போது தலைவரிடம் ஓடி வருகிறார்கள், நீங்களும் லோயர் பிடிக்கிறீர்கள். அதோடு நிற்காதீர்கள். போதைக்கு அடிமையானவரைச் சிகிச்சைக்கு அனுப்ப 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, லோயரிடம் அதைக் கேளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு அழைத்தால் ஆலோசனை சொல்வார்கள். கண்டியில் அவர்களுக்குச் சிகிச்சை நிலையமும் உண்டு. ஐஸை மறக்கடிக்க ஒரு மாத்திரை இல்லை, பேச்சும் காலமும் கூட ஓர் ஆளும்தான் மருந்து. அந்தக் கூட ஓர் ஆள்தான் நம் தோட்டங்களில் கிடைப்பதில்லை. தமிழில் பேசுகிற கவுன்சிலரும் அப்படித்தான். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி, ஆனால் அண்ணனின் முதல் கிளினிக் நாளில் அவன் மனசில் இருந்ததைச் சிங்களத்தில் சொன்னது ஆஸ்பத்திரி லேபர் ஒருவர். ஒருவன் தன் மகளின் காலில் சுடுதண்ணீர் படவைத்த கதையை மூன்றாம் ஆள் மொழிபெயர்ப்பது எப்படி இருக்கும்? பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்புகிற சங்கங்களில் இருக்கிறீர்கள், அவர்களிடம் இதைக் கேட்கவேண்டியது உங்கள் வேலை.

அண்ணன் இன்றைக்கு 14 மாதம் குடிக்கவில்லை. பிள்ளைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை 3 மணிக்குப் பிள்ளைக் காம்பரா விறாந்தைக்கு வருவான், 5 மணிவரை இருப்பான். சின்னவள் முதலில் கதவுக்குப் பின்னால் நின்றே பார்த்தாள். இப்போது கணக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகிறாள், அவனுக்கு அந்தக் கணக்கு வராது, இரண்டு பேரும் சேர்ந்து பிழையாகச் செய்துவிட்டு என்னிடம் கொண்டு வருவார்கள். எப்போது அவர்களை அவனிடம் அனுப்புவது என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அண்ணி வருகிற வைகாசியில் வருகிறாள், நன்னடத்தை அதிகாரியும் வந்து பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்.

ஒரு விஷயம் மட்டும் உடனே ஆகவேண்டும். எங்கள் மேல் டிவிஷனில் 19 வயதுப் பையன் ஒருவன் கிளினிக்குக்கு வரச் சம்மதித்திருக்கிறான். அண்ணன் கூடப் போகிறான். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை 6.10 பஸ். பையனின் தாய், தலைவர் யாராவது கூட வந்தால்தான் அனுப்புவேன் என்கிறாள். வரக்கூடியவர் திங்கட்கிழமை மாலைக்குள் பிள்ளைக் காம்பராவில் சொல்லிவிட்டுப் போங்கள். பஸ் காசு நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைக் காம்பரா டீச்சர்
பொகவந்தலாவைப் பக்கம்